புகாருக்கு மூன்று பாராட்டு

பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பது அவருடைய தொழில். காலை பத்திலிருந்து மாலை ஆறுவரை மெழுகு, பிளாஸ்டர், அரம் என்று குனிந்த தலை நிமிராமல் வேலை பார்ப்பார். ஆனால் அதே மேசையின் இழுப்பறை எப்போதும் பாதி திறந்திருக்கும். அதற்குள் செல்போன் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அந்த இழுப்பறைக்குள் அவர் வேறு ஆள். அங்கே அவருக்குத் துறைமுக அதிகாரி என்று பட்டம்.

துறைமுகம் என்பது 'உப்புக்காற்று' என்ற கம்ப்யூட்டர் கேமின் ரசிகர் குழு. கேம் இன்னும் வரவில்லை. வராத கேமுக்கு எப்படி ரசிகர்கள் என்று கேட்பவர்கள் உலகம் தெரியாதவர்கள். வந்துவிட்ட கேமை நாலு பேர் விளையாடுவார்கள், நாற்பது பேர் திட்டுவார்கள். அப்பழுக்கில்லாத பக்தி வேண்டுமென்றால் கேம் வராமல் இருந்தால்தான் முடியும்.

எட்டு வருடத்துக்கு முன்னால் நான்கு பேர் சேர்ந்து ஒரு வீடியோ போட்டார்கள். ஒரே படகில் இரண்டு பேர். ஒருவர் சுக்கானைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்ல வேண்டும், தீவு தீவாகப் போகலாம். பெரிய கம்பெனிகள் எல்லாம் கையை விரித்துவிட்டன, நீங்கள்தான் முன்பணம் கொடுத்து எங்களைத் தூக்கிவிட வேண்டும், பதினெட்டு மாதத்தில் கேம் உங்கள் கையில் இருக்கும் என்று நால்வரில் தாடி வைத்தவர் தழுதழுத்த குரலில் சொன்னார். க்ரவுட் ஃபண்டிங் என்று அதற்குப் பெயர். பதினோராயிரம் பேர் கொடுத்தார்கள். பல்செட்காரரும் கொடுத்தார். அன்று அவர் மடியில் உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்த மகளுக்கு ஒன்பது வயது. சுக்கான் எனக்கு, வரைபடம் உங்களுக்கு என்று அவள் அப்போதே பங்கு பிரித்துவிட்டாள்.

இப்போது அவளுக்குப் பதினேழு. இன்னும் ஐந்து வாரத்தில் வேறு ஊரில் கல்லூரி, விடுதி. அவள் கிளம்புவதற்குள் ஒரு நாளாவது, ஒரு மணி நேரமாவது அவளோடு அந்தப் படகில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை வாய்விட்டுச் சொன்னால் அழுகை வந்துவிடும் என்று பயந்து, "இந்தத் தடவை வந்துரும் பாரு" என்று மட்டும் சொல்வார். எட்டு வருடமாக அதையே கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. வராவிட்டால் போகட்டும், வந்துவிடும் என்று மட்டும் சொல்லாதீர்கள் என்று ஒரு நாள் கேட்டுக்கொண்டாள். சரி என்றார். மறுநாளே மறந்துபோய் மறுபடியும் சொன்னார்.

குழுவில் யார் எதை எழுதினாலும் முதலில் அதிகாரியின் கைக்கு வரும். அவர் பச்சைப் பொத்தானை அமுக்கினால் ஊருக்குத் தெரியும். சிவப்பை அமுக்கினால் எழுதியவருக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். முதலில் மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். ஒருவருக்குக் கல்யாணம் ஆயிற்று, ஒருவருக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது, இருவரும் போன இடம் தெரியவில்லை. மிஞ்சியது இவர் ஒருவர். தனிக்காட்டு ராஜா ஆனதும் சட்டம் போடும் ஆசை வந்தது. ஒரு புகார் எழுத வேண்டுமென்றால் முதலில் மூன்று பாராட்டு எழுத வேண்டும். நியாயமான விமர்சனம் என்றால் அதுதான் என்பது அவர் கண்டுபிடிப்பு. தேதி கேட்கக் கூடாது என்பது இரண்டாவது சட்டம். தேதி கேட்பது கலைஞனின் சட்டைக் காலரைப் பிடிப்பதற்குச் சமம் என்று விளக்கமும் போட்டிருந்தார். மீறியவர்களைக் கரையில் இறக்கிவிடுவார். அவர்கள் படிக்கலாம், எழுத முடியாது.

ஜனங்கள் சும்மா இருப்பார்களா? அறிவிப்பில் எழுத்து பெரிதாக இருக்கிறது, படத்தில் கடல் நீலமாக இருக்கிறது, தாடி நன்றாக வளர்ந்திருக்கிறது, கேம் எங்கே என்று ஒருவர் எழுதினார். மூன்றாவது பாராட்டு தனிமனிதத் தோற்றத்தைப் பற்றியது, கணக்கில் வராது என்று அதிகாரி சிவப்பை அமுக்கினார். இப்படி அமுக்கி அமுக்கியே பதினோராயிரம் பேர் நானூறு பேராகச் சுருங்கினார்கள். மிச்சமிருப்பவர்கள் பத்தரைமாற்றுத் தங்கங்கள் என்று அவர் அதற்கும் பெருமைப்பட்டுக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை தொண்ணூற்று ஏழாவது அறிவிப்பு வந்தது. மூன்று மாதம் இரவுபகலாக உழைத்துக் கயிற்றைச் சரிசெய்துவிட்டோம் என்றது அறிவிப்பு. நனைந்த கயிறு இனி நிஜமாகவே கனக்கும், காய்ந்தால் நிஜமாகவே முறுக்கிக்கொள்ளும். கூடவே ஒரு வீடியோ. அதில் ஒரு கயிறு நான்கு நிமிடம் காய்ந்தது. ரசிகர்கள் உருகிவிட்டார்கள். நான்காவது நிமிடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுமே, அதைப் பார்த்துப் புல்லரித்துவிட்டது என்று ஒருவர் எழுதினார்.

அன்று மதியம் வாஷிங்மெஷின்காரரின் கடிதம் வந்தது. வீடு வீடாகப் போய் வாஷிங்மெஷின் ரிப்பேர் செய்பவர், குழுவிலும் அதுவே அவருக்குப் பெயர். சட்டப்படி மூன்று பாராட்டும் வைத்திருந்தார். கயிறு அருமை, ஈரம் அருமை, பொறுமை அருமை, அந்தப் பொறுமை எங்களுடையது. பிறகு புகார். ரெண்டு பேர் உட்கார்ந்து ஒரே ஒரு தீவுக்குப் போகிற அளவுக்குப் படகு தயாராக இருந்தால் அதை இப்போதே கொடுத்துவிடுங்கள், கயிறு காய்வதை எங்கள் வீட்டுக் கொடியிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்.

அதிகாரி சிவப்பைத்தான் அமுக்கப் போனார். ஆனால் கட்டைவிரலில் பல்செட் மெழுகு ஒட்டியிருந்தது. வழுக்கிக்கொண்டு போய்ப் பச்சையில் விழுந்தது. விரலைத் துடைத்துவிட்டு வந்து பார்ப்பதற்குள் அறுபது பதில்கள்.

அன்றும் மறுநாளும் குழுவில் அடிதடி. அவரவர் வேலையைப் போட்டுவிட்டு வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள். விமர்சிக்க இவர் யார், முடிந்தால் ஒரு கேம் செய்து காட்டட்டும் என்றது ஒரு கோஷ்டி. மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை என்று சொல்கிற அம்மாவிடம், முடிந்தால் நீங்களே ஒரு மெஷின் செய்து காட்டுங்கள் என்று நான் சொன்னால் பக்கெட்டாலேயே அடிப்பார்கள் என்றார் வாஷிங்மெஷின்காரர். நாம் வாடிக்கையாளர்கள் இல்லை, இந்தக் கேமின் பங்காளிகள் என்று ஒருவர் நெகிழ்ந்தார். பங்காளிக்குத்தானே சண்டை போட முழு உரிமை என்று பதில் வந்தது. உடனே இன்னொருவர் பெரிய கணக்கோடு வந்தார். ஒரு சுடுசொல் படைப்பாளியின் ஒரு நாளைக் கெடுக்கிறது, இத்தனை வருடத்தில் விழுந்த சுடுசொற்களைக் கூட்டினால் ஆறு வருடம் வருகிறது, ஆகவே தாமதத்துக்குக் காரணமே தாமதமாகிறது என்று சொன்னவர்கள்தான். இதற்கு விழுந்த கைத்தட்டல் கயிற்றுக்குக்கூட விழவில்லை.

பல்செட்காரர் அந்தக் கணக்கை அப்படியே தூக்கிப் பதினான்கு பத்தியில் ஒரு கட்டுரை எழுதினார். 'விமர்சனம் என்னும் வன்முறை' என்று தலைப்பு. உண்மையான ரசிகனுக்குக் கடிகாரமே கிடையாது என்று முடித்திருந்தார். வாஷிங்மெஷின்காரரை ஒரு மாதத்துக்குக் கரையில் இறக்கிவிட்டதாகக் கடைசியில் ஒரு வரி. அன்று மாலையே தாடிக்காரர் அந்தக் கட்டுரைக்கு ஒரு சிவப்பு இதயம் போட்டார். பல்செட்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்த மனைவியிடம் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் போனை நீட்டினார்.

மனைவி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். "எட்டு வருஷத்துல அவங்க முழுசா முடிச்சுக் குடுத்தது இது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனாள்.

மறுநாள் வியாழக்கிழமை. கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய சான்றிதழ்களை நகல் எடுத்துக்கொண்டு மகள் அப்பாவின் வேலையிடத்துக்கு வந்தாள். ஒரு டாக்டரிடமிருந்து ஒரு பல்செட் திரும்பி வந்திருந்தது. நோயாளியின் வாயில் வைத்து, நடுவில் நீலத்தாளைக் கொடுத்துக் கடிக்கச் சொல்வார்கள். எங்கே உயரம் அதிகமோ அங்கே மை ஒட்டிக்கொள்ளும். வலது பக்கம் இரண்டு பல்லில் நீலம் அப்பியிருந்தது. கூட ஒரு துண்டுச்சீட்டு: 'வலது உயரம். வாய் மூடவில்லை. நாளை மதியத்துக்குள் வேண்டும்.' பல்செட்காரர் முகம் சுளிக்கவில்லை. டாக்டர் சொன்னது சரிதான் என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு, மைக்ரோமோட்டாரை எடுத்து மை இருந்த இடத்தை மட்டும் இழைத்தார். தொழிலில் அவரைக் குறைசொல்ல ஆளில்லை. சொன்ன நேரத்துக்குப் பல் போய்விடும்.

மகள் அந்தச் சீட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன தேடற?"

"மூணு பாராட்டு இருக்கான்னு பாக்கறேன்."

அவருக்குச் சுருக்கென்றது. பல் வேறு, கலை வேறு என்றார். பல் இல்லாவிட்டால் அந்த மனுஷன் எப்படிச் சாப்பிடுவார் என்றும் சேர்த்துக்கொண்டார். அப்படியானால் கேம் யாருக்கும் தேவையே இல்லாத பொருளா என்று அவள் கேட்டாள். வாதம் தன் பக்கம் இடிந்து விழுவதைப் பார்த்ததும், படிக்கிற வேலையைப் பார் என்று பெரிய மனிதர்கள் வழக்கமாக ஒளிந்துகொள்ளும் இடத்தில் போய் ஒளிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை ஒரு அதிசயம் நடந்தது. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ரசிகர்களோடு நேரலையில் பேசப்போவதாகத் தாடிக்காரர் அறிவித்தார். கேமின் கதி பற்றி ஒரு முடிவெடுக்க வேண்டும், உங்களைக் கேட்காமல் எடுக்க மனமில்லை என்று எழுதியிருந்தார். தேதி சொல்லப்போகிறார்கள், ஐந்து வாரத்துக்குள் வரும் தேதி என்று பல்செட்காரர் அவராகவே முடிவுகட்டிக்கொண்டார். வந்துவிடும் என்று மகளிடம் மறுபடியும் சொன்னார். இந்த முறை அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஞாயிறு காலை குளித்துவிட்டு, அலமாரியின் அடியில் கிடந்த இரண்டு கேம் கன்ட்ரோலர்களையும் துடைத்துச் சார்ஜ் போட்டுவிட்டு, அப்பாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆசையை மறைக்க அவளுக்கும் தெரியவில்லை. அப்பன் மகள்தானே.

திரையில் தாடிக்காரர் வந்தார். தாடி நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பின்னால் மூன்று காலி நாற்காலிகள். ஓரத்தில் நானூறு பேரின் பெயர்கள் வரிசையாக. கரையில் இறக்கப்பட்டவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், வாய்திறக்க அவர்களுக்கு வழியில்லை. கூட்டத்தில் வேறு யார் பேச முயன்றாலும் அதிகாரி அனுமதிக்க வேண்டும்.

தாடிக்காரர் சுற்றிவளைக்கவில்லை. படகு நாலு வருடமாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றார். இரண்டு பேர் உட்காரலாம், ஒரே ஒரு தீவு இருக்கிறது, புயல் கிடையாது, கயிறு பழைய கயிறு. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் விளையாடலாம். ரசிகர்கள் சிரித்துவிடுவார்களோ என்று கூச்சப்பட்டு வெளியே காட்டவில்லை. யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்று வருடக்கணக்காக இந்தக் குழுவைப் பார்த்துக்கொண்டே இருந்தோம், ஒருவரும் கேட்கவில்லை, அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பத் திரும்பச் செய்தோம் என்றார்.

"இந்த வாரம் ஒருத்தர் கேட்டிருந்தார். சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் அதிகாரியோட கட்டுரையப் படிச்சேன். கேக்கறது அவர் ஒருத்தர்தான்னு புரிஞ்சுது." தாடிக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "ஆனாலும் மனசு கேக்கல. இங்க வந்த ஒவ்வொரு கடிதத்தையும் படிச்சவர் நீங்க ஒருத்தர்தான், சார். நீங்க சொல்லுங்க. ஜனங்களுக்கு அந்தப் படகு வேணுமா? வேணும்னா நாளைக்கே குடுத்துடறோம். இல்லேன்னா கடலையே புதுசா ஆரம்பிக்கிறோம்."

பல்செட்காரர் மைக்கைத் திறந்தார். அவருக்குத் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியும். சிவப்புப் பெட்டிக்குள் அந்தப் படகைக் கேட்டு வந்த கடிதங்கள் நூற்றுக்கணக்கில் குவிந்து கிடந்தன. தம்பி வெளிநாடு போவதற்குள் ஒரு முறை விளையாட வேண்டும், இருப்பதைக் கொடுங்கள் என்று ஒருவர் கெஞ்சியிருந்தார். அதில் பாராட்டு இரண்டுதான் இருந்தது. கைகூசாமல் அமுக்கியிருந்தார்.

"சொல்லுங்கப்பா" என்றாள் மகள். அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

வேணும் என்ற ஒரு சொல் போதும். ஐந்து வாரம் அவர்களுடையது. வேறு எதையும் அவர் வாழ்க்கையில் இவ்வளவு விரும்பியதில்லை. வாயைத் திறந்தார். அப்போது பார்த்துத் திரையில் இதயங்கள் பறக்க ஆரம்பித்தன. அதிகாரி பேசப்போகிறார், அதிகாரி பேசப்போகிறார் என்று நானூறு பேரும் குஷியாகிவிட்டார்கள். கடிகாரமே கிடையாது என்ற வரியை ஒருவர் எடுத்துப் போட்டு, மறக்க முடியாத வரி என்று எழுதினார். இப்போது வேணும் என்றால் பதினான்கு பத்தியும் என்ன ஆவது? வாஷிங்மெஷின்காரரைக் கரையிலிருந்து கூட்டிவந்து எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டிவருமே. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி அதை நினைத்தார். அதற்குள் வாய் பழக்கப்பட்ட பாதையில் போய்விட்டது.

"எங்களுக்கு அவசரமே இல்லைங்க. நீங்க நினைச்ச மாதிரியே நிதானமா பண்ணுங்க. எத்தனை வருஷம் ஆனாலும் நாங்க கூட இருப்போம்."

இதயங்கள் திரையை மூடிவிட்டன. அவை விலகியபோது தாடிக்காரரின் முகம் தெரிந்தது. விடுதலைக்கு மனுப்போட்ட கைதியிடம், உன்னை எங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, இங்கேயே இரு என்று சொன்னால் அவன் முகம் அப்படித்தான் இருக்கும். அவர் நன்றி என்றார். கடலைப் புதிதாகச் செய்ய மூன்று வருடம் ஆகும் என்றார். அதற்கும் கைத்தட்டினார்கள்.

கூட்டம் முடிந்தது. மணிக்கட்டில் இருந்த கை எப்போது போனதென்று பல்செட்காரருக்குத் தெரியவில்லை. மகள் எழுந்து சார்ஜர் ஒயரை உருவிச் சுற்றிக்கொண்டிருந்தாள். கோபம் இருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம்.

"எனக்கு அவசரம் இருந்துச்சுப்பா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். இந்தக் குழந்தைக்காகத்தானே காத்திருந்தேன், எட்டு வருடமும் இவளுக்காகத்தானே என்று நினைத்தார். அது உண்மையா என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் தைரியம் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. போனை எடுத்தார். மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாடிக்காரருக்குத் தனியாக எழுதினார். பாராட்டு எதுவும் வைக்கவில்லை. அந்தப் பழைய படகை எனக்கு மட்டும் அனுப்ப முடியுமா, அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, என் மகள் ஊருக்குப் போகிறாள், அதற்குள் ஒரு முறை, தயவுசெய்து என்று எழுதி, இரண்டு தயவுசெய்து அதிகமாகவே போட்டு அனுப்பினார்.

மகள் ஒயரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டாள். கன்ட்ரோலர் இரண்டும் இன்னும் அவள் கையில்தான் இருந்தன. வந்து பக்கத்தில் உட்காரவில்லை, ஆனால் அறையை விட்டுப் போகவும் இல்லை.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. பல்செட்காரர் படித்தார். 'மன்னிக்கணும் சார். நீங்க பேசி முடிச்சதுமே பழைய படகை மொத்தமா அழிச்சுட்டோம். பக்கத்துல வெச்சிருந்தா வெளியிட்டுடலாமான்னு சபலம் வந்துட்டே இருக்கும். நாலு வருஷமா அதை அழிக்க எங்களுக்குத் துணிச்சல் இல்ல. உங்களாலதான் வந்துச்சு. உங்களை மாதிரி ஒரு ரசிகர் கிடைக்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும்.' கடைசியில் ஒரு சிவப்பு இதயம்.

இரண்டாம் முறையும் படித்தார். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

"என்னப்பா சொல்றாங்க?" என்று மகள் கேட்டாள்.

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"நன்றி சொல்றாங்கம்மா" என்றார்.